குனிந்து பார்க்கும் கேமரா

என் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்குகிறது. பனிமூட்டத்துக்குள் வரிசையாக நிமிர்ந்த மரங்கள், நடுவே சாய்வாக விழும் ஒரு கீற்று வெளிச்சம். 1981 டிசம்பரில், நீலகிரியில் அவலாஞ்சி போகும் வழியில் எடுத்தேன். ஒரு வார இதழ் அதை முழுப்பக்கத்தில் போட்டு, கீழே ‘கன்னிக்காடு’ என்று அச்சிட்டது. எனக்கு அப்போது 22 வயது. அந்தச் சொல்லை நெஞ்சார நம்பினேன்.

என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கும் வழக்கமில்லை. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலை குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். ஃபிலிம் ஊட்டி இந்து நகரில் தயாரானது. மலையின் தூசியில்லாத குளிர்ந்த காற்று ஃபிலிம் செய்ய உகந்தது என்று சொல்வார்கள். மலைக் காற்றில் பிறந்த ஃபிலிமில் மலையையே பதிக்கிறோம் என்று நினைக்கையில் உடம்பு சிலிர்க்கும். ஒரு சுருளுக்கு 12 படம். விடியுமுன் போய் நிற்பேன். சில நாள் ஒன்றுகூட எடுக்காமல் திரும்புவேன். கோயிலுக்குப் போகும் பழக்கம் அப்போதே விட்டுப்போயிற்று. அம்மா கேட்டால், “காலையிலேயே கும்பிட்டுட்டு வந்துட்டேம்மா” என்பேன். பொய்யில்லை.

இதழில் வந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், பழக்கமான ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“எடம் தெரியுது தம்பி. எல்லாம் நட்ட மரம். காடு இல்ல. இதுக்குள்ள எருமைக்கு என்ன இருக்கு?”

குற்றம் சொல்லும் குரலில்லை, விவரம் கேட்கும் குரல். என்னிடம் பதில் இல்லை. அவர் எழுந்து, மேற்கே முக்குருத்திச் சிகரம் இருக்கும் பக்கம் திரும்பிக் கையை முகத்துக்கு உயர்த்தினார். இறந்தவர்களின் உயிர் அந்தச் சிகரத்திலிருந்துதான் மறு உலகம் போகிறது என்பது தோடர்களின் நம்பிக்கை. எருமைகளின் உயிரும் கூடவே போகும்.

அவர் கேட்டதற்குப் பதில் தேடிக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. என் படத்தில் இருந்தது சீகை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தோல் பதனிட உதவும் பட்டைக்கும் விறகுக்கும் என்று மேடு மேடாக நட்டார்கள். நட்ட இடம் புல்வெளி. நீலகிரியின் உச்சிப் பகுதியில் சோலை மரங்கள் பள்ள மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒடுங்கி நிற்கும், சரிவெல்லாம் புல். உறைபனியில் மரக்கன்று கருகிச் சாகும், புல் கருகினாலும் மறுபடி தழைக்கும். அந்தப் புல்லும் அதை ஒட்டிய சதுப்பும் மழையைப் பிடித்துவைத்து, மழையில்லாத மாதங்களிலும் கசியவிடுகின்றன. பைக்காரா ஆறு பிறப்பது முக்குருத்தியில்தான். அந்தப் புல்லைத் தரிசு என்று கணக்கெழுதியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். நாடு விடுதலையான பிறகும் அந்தக் கணக்கு வெகுகாலம் மாறவில்லை.

என் கண்ணும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தது. மூன்று மணி நேரம் காத்திருந்த அந்தக் காலையில், சாலையின் மறுபக்கம், என் முதுகுக்குப் பின்னால், மிச்சமிருந்த ஒரு புல்மேட்டை நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றும் மனசை அறுப்பது அதுதான். சீகையின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வெளிச்சமும் உண்மை, நான் கும்பிட்டதும் உண்மை. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறேன் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது எனக்கு 66. பெரியவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. அந்தப் புல்மேட்டையும் பின்னாளில் சீகை மூடியது. அங்கே யாரும் நடவில்லை. விதை தானே பரவி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மரங்களை அகற்றினார்கள். வெட்டுவதோடு தீராது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் அடர்த்தியாக முளைக்கும். அதனால் மாதம் ஒருமுறை, அனுமதி வாங்கிக்கொண்டு பத்துப் பேர் போய்க் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறோம். மழைக்குப் பிறகு போனால் சுலபமாக வரும். மணிக்கணக்காகக் குனிந்தே இருக்க வேண்டும். அப்படிக் குனிந்தபோதுதான் பார்த்தேன், புல் என்று நான் சொல்லிவந்தது எத்தனையோ வகைப் புற்கள். அவற்றுக்கு நடுவே மண்ணோடு ஒட்டிய ஆர்க்கிட்டுகள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிவந்த ட்ரோசீரா. முன்பெல்லாம் இவற்றை மிதித்துக்கொண்டுதான் படமெடுக்கப் போயிருப்பேன்.

போன ஜனவரியில் யாஷிகாவையும் எடுத்துக்கொண்டேன். இந்து நகர் ஃபிலிம் இப்போது வருவதில்லை, வேறொன்றைப் போட்டிருந்தேன். சரிவெங்கும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சாலையில் அதே இடத்தில் நின்று, மறுபக்கம் திரும்பிக் குனிந்தேன். கண்ணாடியில் மரமில்லை, வெளிச்சக் கீற்றுமில்லை. வெளுத்த புல்லின் குறுக்கே கருப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எனக்கு முன்பே எருமைகள் வந்து போயிருந்தன. மிதிபட்ட இடத்தில் பனி உதிர்ந்து, குளம்புத் தடங்கள் மேட்டின் உச்சிவரை ஏறிப் போயிருந்தன.