அன்று வெள்ளை, இன்று மஞ்சள்

கள்ளக்குறிச்சியில் என் தாய்மாமா பெட்ரோமாக்ஸ் லைட் வாடகைக்கு விட்ட காலத்தில், டேங்கின் வெள்ளை மினுக்கைப் பார்த்துத்தான் லைட்டுக்கு மதிப்பு. உள்ளே பித்தளை, மேலே நிக்கல் முலாம். முலாம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்த்தால் கல்யாண வீட்டார் தொடமாட்டார்கள். "இது பழசா இருக்கே, வேற குடுங்கண்ணே" என்பார்கள். அப்படி ஒதுங்கியவற்றைச் சேர்த்துவைத்து, சேலத்தில் ஒரு முலாம் பட்டறைக்கு அனுப்புவார் மாமா. சம்பாதித்ததில் கணிசமான பங்கு அந்த வெள்ளைக்கே போனது.

கல்வராயன் மலைக்குத்தான் லைட் அதிகம் போகும். வெள்ளிமலை, சேராப்பட்டுப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்குத் தலைச்சுமையாகவே ஏற்றுவார்கள். நாலு லைட் இருந்தால் தெருக்கூத்து விடியவிடிய நடக்கும். லைட்டுக்குள் தொங்கும் மேண்டில் வலையை ஒளிரவைத்தது தோரியம். 1909இல் தென்திருவிதாங்கூர்க் கடற்கரையில் அந்தத் தோரியம் உள்ள மோனசைட் மணல் கண்டறியப்பட்டதும், மணவாளக்குறிச்சி மணல் ஜெர்மனியின் மேண்டில் தொழிலுக்குக் கப்பலேறியது. பெர்லினில் பிறந்த விளக்குக்குள் நம் கரை மண் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

மலைக்கும் கரண்ட் வந்தது. லைட்டெல்லாம் பரண் ஏறிவிட்டன. இப்போது அவற்றைத் தேடி வருகிறவர்கள் ஓட்டல் வைத்திருப்பவர்கள், புதுவீடு கட்டியவர்கள். "வெள்ளைய உரிச்சுக் குடுங்க ஐயா, உள்ள இருக்கிற பித்தளை தெரியணும்" என்கிறார்கள். மாமா காசு கொடுத்துப் பூசியதை இவர்கள் காசு கொடுத்து உரிக்கிறார்கள். அவரவர் கண்ணுக்கு அவரவர் அழகு. அதில் எனக்கு வழக்கில்லை. உரிக்கும் விதம்தான் கவலை.

முலாம் சில மைக்ரான் கனம்தான். ஆனால் நிக்கல் பித்தளையைவிடக் கடினம். எமரி தாளும் பஃப் சக்கரமும் போட்டுத் தேய்த்தால் ஓரங்களில் பித்தளை முதலில் கரையும், குழிவுகளில் நிக்கல் அப்படியே நிற்கும். டேங்கின் தகடு மெலியும். காற்றடித்து அழுத்தத்தில் நிற்க வேண்டிய தகடு அது. நைட்ரிக் ஆசிட்டில் முக்குவது இன்னும் மோசம். அது பித்தளையையே தின்னும். இரும்பில் கதை வேறு. அடர்ந்த நைட்ரிக் ஆசிட் இரும்பை அதிகம் தொடாமல் நிக்கலைக் கரைக்கும், தண்ணீர் கலந்துவிட்டால் இரும்பையும் அரிக்கும். எதில் ஊற்றினாலும் கிளம்புகிற பழுப்புப் புகை நுரையீரலைப் பிடிக்கும். அப்போது இருமல்தான் வரும், மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்து வரும்.

முறையான வழி, பூசியதைத் திருப்பிச் செய்வது. பூசும்போது பொருள் மின்சாரத்தின் எதிர்முனையில் இருக்கும். உரிக்கும்போது நேர்முனையில் மாட்டி, அடர்ந்த கந்தக அமிலத் தொட்டியில், ஈயத் தகடு எதிரே இருக்க, ஆறு வோல்ட் அளவில் மின்சாரம் விடுவார்கள். நிக்கல் தீர்ந்ததும் மின்னோட்டம் விழும். அந்த நொடியில் வெளியே எடுக்க வேண்டும். பம்பு, நிப்பிள், வாஷர் எல்லாம் கழற்றி, டேங்கின் வாயை அடைத்த பிறகுதான் இந்த வேலை. காற்றோட்டமும் கையுறையும் உள்ள முலாம் பட்டறைக்கு உரியது, வீட்டுத் திண்ணைக்கு அல்ல.

நிக்கல் வெறும் மினுக்கும் அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில், இந்தியாவில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் மழைக்காலத்தில் கிடந்து, தாமாகவே விரிசல் விட்டன. மூத்திரத்தின் அம்மோனியாவும், அழுத்தி உருவாக்கியபோது தகட்டுக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல் விளக்கினார்கள். லைட் டேங்கும் அப்படி உருவாக்கிய பித்தளைதான். மலையில் ஆட்டுப்பட்டி வாசலிலும் மாட்டுக்கொட்டகையிலும் தொங்கிய லைட்டுகளுக்கு அந்த வெள்ளைத் தோல் ஒரு காப்பாக இருந்தது. உரித்த லைட்டை அலமாரியில் வைக்கலாம். எண்ணெய் ஊற்றிக் காற்றடித்துக் கொளுத்தக் கூடாது.

கடைசியாக, உரித்த தொட்டியில் மிஞ்சும் பச்சைத் தண்ணீர். கரைந்த நிக்கல் அதில்தான் இருக்கிறது. தோலில் பட்டால் பலருக்கு அரிப்பு, கொப்புளம். நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990இலேயே சொன்னது. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் நிக்கலை அனுமதிப்பதில்லை. கல்வராயனில் பிறந்து வரும் கோமுகி ஆற்றை நம்பித்தான் கீழே கரும்பும் நெல்லும் விளைகின்றன, கிணறுகள் ஊறுகின்றன. உரிக்கக் கொடுக்கும் முன் பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சுண்ணாம்பு போட்டு நிக்கலை வண்டலாகப் பிரித்து, அந்த வண்டலைத் தனியே ஒப்படைக்கிறீர்களா? இல்லை என்றால் லைட்டை வெள்ளையாகவே வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.