கிளட்ச் மோட்டார் காலம்

எண்பதுகளில் திருப்பூரில் வாலிபராக இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு பனியன் கம்பெனி ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தெருமுனையிலேயே காது சொல்லிவிடும். ஒவ்வொரு தையல் மிஷினுக்கும் அடியில் ஒரு கிளட்ச் மோட்டார். டைலர் தைத்தாலும் தைக்காவிட்டாலும், எழுந்து டீக்குடிக்கப் போனாலும், அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும். ஓவர்லாக் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும், இல்லையென்றால் கையால் சாடை காட்ட வேண்டும். அந்தச் சத்தத்தில் பழகிய காதோடுதான் நாங்கள் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போனோம்.

ராத்திரி ரயிலில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறி, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தபடியே தூங்கி, விடிந்ததும் சென்னையில் இறங்கி முகம் கழுவி, செங்குன்றம் தாண்டிப் போகும் பஸ்ஸைப் பிடித்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானம் இறங்கிய அந்த ஓடுதளத்தில் வெயிலேறுவதற்குள் இடம் பிடித்து நின்றால், கையிலிருந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே தூரத்தில் முதல் எஞ்சின் உறுமும். எங்களில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு, ‘இது ஃபியட்’ என்பான். சைலன்சர் கழற்றிய ஃபியட்டும், ஆர்.டி. 350-யும், டூ ஸ்ட்ரோக் புகையின் அந்த இனிப்பு நெடியும் சேர்ந்து சட்டையில் ஏறிக்கொண்டு ஊர் வரைக்கும் கூடவே வரும். பள்ளிக்கூட பி.டி. வாத்தியாரிடம் கெஞ்சி வாங்கிய ஸ்டாப்வாட்ச் ஒன்று எங்களிடம் இருந்தது. கோட்டைக் கார் தாண்டும்போது ஒருவன் கட்டைவிரலை அழுத்துவான், இன்னொருவன் தன் கைக்கடிகாரத்தில் நொடி முள்ளைப் பார்ப்பான். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. திரும்பி வரும் ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் அந்த ஒரு நொடிக்காகச் சண்டை நடக்கும்; பக்கத்தில் படுத்திருக்கும் பெரியவர்கள் எழுந்து வைவார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு சண்டை இருந்திருக்கும், அது கிரிக்கெட்டுக்காகவோ சினிமாவுக்காகவோ இருந்திருக்கலாம்.

இப்போது என் அக்கா மகன் காலையில் வந்து நிற்கிறான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் டிபார்ட்மென்டில் வேலை. லைனில் நின்றுகொண்டு, ஒரு காலர் மாட்ட எத்தனை நொடி, ஒரு ஸ்லீவ் அட்டாச் பண்ண எத்தனை நொடி என்று எடுத்து, ஒரு துணி தைக்க ஆக வேண்டிய நேரக் கணக்கான எஸ்.ஏ.எம். போடுகிற வேலை. நொடியைக் கையாளுகிற பிள்ளை என்பதால் எனக்கு அவன் மேல் தனிப் பிரியம்.

“மாமா, ஏழு நிமிசத்துக்குக் கீழ வந்துட்டாங்க!”

“யாரு மாப்ளே?”

“யாங்வாங். 6 நிமிசம் 59 செகண்டு!”

போனை நீட்டுகிறான். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், 20.832 கிலோமீட்டர், காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து போகிற பாதை. அதில் 2019-இல் போர்ஷே டைகான் என்ற மின்சாரக் கார் 7 நிமிடம் 42 நொடியில் சுற்றி வந்தது. விடுவார்களா டெஸ்லாக்காரர்கள்? 2021-இல் மாடல் எஸ் பிளெய்ட் 7 நிமிடம் 35 நொடிக்குக் கொண்டுவந்தது, 2023-இல் 7 நிமிடம் 25. அதே வருடம் குரோஷியாவின் ரிமாக் நெவேரா 7 நிமிடம் 5.298. 2024-இல் போர்ஷே திரும்ப வந்து 7 நிமிடம் 7.55 என்று அறிவித்தது. அடுத்த வருடம், நம் பிள்ளைகள் பாக்கெட்டில் ரெட்மி போனாக இருக்கிற அதே ஷாவ்மி, எஸ்யு7 அல்ட்ராவை இறக்கி 7 நிமிடம் 4.957 என்று ரிமாக்கை அரை நொடி கூட இல்லாத வித்தியாசத்தில் தாண்டிற்று. அதன் மேல் சீனக் கம்பெனியான பிஒய்டியின் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் 6 நிமிடம் 59.157. தாராபுரம் ரோட்டில் டீ குடிக்கிற பையன் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வரை சொல்கிறான். எங்கள் கட்டைவிரலுக்கு எட்டாத துல்லியம். அதில் எனக்கு உண்மையாகவே பெருமிதம் உண்டு.

ஆனால் வீடியோவைப் போட்டுக் காட்டும்போது என் காது எதையோ தேடுகிறது. டயர் தேய்கிற சத்தம், காற்றின் சத்தம், மெல்லிய ஒரு விசில், அவ்வளவுதான். கண்ணை மூடினால் எந்தக் கார் என்று சொல்ல முடியவில்லை.

இந்த மாற்றத்தை நான் முதலில் பார்த்தது காரில் இல்லை, கம்பெனியில். கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு சர்வோ மோட்டார் மாட்டினார்கள். பெடலை மிதித்தால்தான் ஓடும், காலை எடுத்தால் அந்த நொடியே ஊசி நிற்கும். கரண்டு பில் குறைந்தது. டைலர் பெண்கள், தொடை அதிர்வு நின்றுபோனதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். சத்தம் அடங்கிய தையல் ஹாலில் முதல்முறையாக மனிதக் குரல் கேட்டது. இன்று அங்கே ஒடியா பாட்டும் இந்திப் பாட்டும் போன்களில் மெல்ல ஓடுகின்றன. மின்சாரக் காரும் அந்த சர்வோ மோட்டார் மாதிரிதான். வேகம் ஏறிய பிறகே முழு பலம் காட்டுகிற பெட்ரோல் எஞ்சின் போலில்லாமல், மிதித்த கணத்திலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். வளைவிலிருந்து வெளியேறும்போது அது பாய்கிற பாய்ச்சலை எந்த ஃபியட்டும் கனவிலும் கண்டதில்லை. அதற்கு விலையும் உண்டு. பேட்டரியைச் சுமக்கிற இந்தக் கார்கள் இரண்டு டன்னுக்கு மேல் எடை, வளைவுக்கு வளைவு டயரும் பிரேக்கும் அந்த எடையைத் தாங்க வேண்டும். விடாமல் மிதித்தால் பேட்டரி சூடேறும், சூடேறினால் கார் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு உச்ச வேகத்தில் போவது ஒரு வித்தை, அதே வேகத்தில் பத்துச் சுற்று போவது இன்னொரு வித்தை.

என் ஆதங்கம் சத்தம் மட்டுமில்லை. கோவை மில் குடும்பத்துப் பிள்ளை கரிவரதன் 1988-இல் ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தபோது, மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சினை ஒற்றை இருக்கைக் காருக்குள் பொருத்தி, எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டியைக் கொடுத்தார். பணக்கார வீட்டுப் பையன் வெளிநாட்டு எஞ்சினை இறக்கி ஜெயிக்கிற கதை அங்கே நடக்காது. அரை நொடி முந்தினால் அந்த அரை நொடி முழுக்க ஓட்டியவனுடையது. அந்தப் பள்ளியில் கற்ற கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியபோது திருப்பூரிலும் வெடி வெடித்தோம். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். இன்றைய நூர்பர்க்ரிங் கணக்கில் நிற்பது கம்பெனியின் பெயர். 7 நிமிடம் 7.55-ஐ ஓட்டியவர் லார்ஸ் கெர்ன் என்று என் மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. போர்ஷே என்று மட்டும் தெரிகிறது.

அவனையே கூட்டிக்கொண்டு ஒரு ஜனவரியில் பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் போனேன். கரிவரதன் பெயரிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். ஃபார்முலா பாரத் போட்டி. நாடு முழுவதிலுமிருந்து இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே வெல்டிங் வைத்து, தாங்களே பேட்டரி அடுக்கிக் கட்டிய கார்களோடு வந்திருந்தார்கள். மின்சாரக் கார் மழையில் நனைந்தாலும் கசிவு இருக்கக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கிறார்கள். மோட்டாருக்கு உயர் மின்னழுத்தம் வந்துவிட்டால் காரின் உச்சியில் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும். எனக்குப் பிடித்த விதி இன்னொன்று: ஓட்டத்துக்குத் தயார் என்ற நிலைக்கு வந்ததும் கார் ஒன்றிலிருந்து மூன்று நொடி வரை ஒரு சத்தம் எழுப்பியே ஆக வேண்டும். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டுமல்லவா? ஒரு பெண் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கி, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்த, அந்தச் சின்ன ‘பீப்’ வந்ததும் அவளுடைய கூட்டாளிகள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதில் சோழவரம் திரும்ப எனக்குக் கேட்டது. கடைசிப் பரீட்சை 22 கிலோமீட்டர் ஓட்டம், பாதியில் டிரைவர் மாற வேண்டும். பல வண்டிகள் வழியிலேயே நின்றுபோயின. சூடு, வயர், ஒரு போல்ட். நின்றுபோன வண்டியைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

ஓசூர் டிவிஎஸ் ஒரே மாதிரி மின்சார அப்பாச்சி பைக்குகளைக் கொடுத்து ரேஸ் நடத்துகிறது. கரிவரதன் காட்டிய வழி அதுதான். கார்களிலும் அது வரட்டும்: ஒரே பேட்டரி, ஒரே மோட்டார், நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டியது, செட்டிபாளையத்தில். நம் திருப்பூர் முதலாளிகள் பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை வைத்துக் கரண்டு எடுக்கிறார்கள், பத்து வண்டிக்குப் பணம் போடுவது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவன் உடனே போனை எடுத்து, யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று பெயர் எழுத ஆரம்பித்துவிட்டான். முதல் இரண்டு பேரிடம் நான் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.