கரையான் பங்கு

பினாங்கின் பிறையில் அவரை எழுத்தாளர் என்று யாரும் சொல்வதில்லை, 'சார்' என்பார்கள். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆளை அடையாளம் காண மோட்டாரின் முன்கூடை போதும். மற்றவர்கள் கூடையில் கங்கோங் கீரையும் மீனும் இருக்கும். இவர் கூடையில் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பைக்குள் தன் சிறுகதைத் தொகுதியின் ஐந்து படிகள். தெரிந்தவர் எதிரே வந்தால் ஐந்து நான்காகும். அதனால் தெரிந்தவர்கள் எதிரே வருவதில்லை.

முதல் கதை தமிழ் நேசனில் வந்தது. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் மூடியது. "பத்திரிகை நின்னு போச்சு, நான் நிக்கல" என்பார். அது பெருமையா மிரட்டலா என்று கேட்டவருக்குத் தெரியாது.

நூல் வெளியீடு என்றால் தனி அழகு. டத்தோ இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து முதல் நூலை வாங்குவார். அட்டையில் விலை 25 வெள்ளி. உறைக்குள் 50 இருக்கும். வந்தவர் நூலைத் திறக்க மாட்டார், சார் உறையைத் திறந்துவிடுவார். 1985இல் திறந்த பினாங்குப் பாலம் பதின்மூன்றரைக் கிலோமீட்டர். தலைமையுரை முடிவதற்குள் அதில் போய்த் திரும்பிவிடலாம். டத்தோ போவதோடு நிறுத்திக்கொள்வார்.

போன வாரம் மாமாக் கடையில் வழக்கமான கூட்டம். சாருக்குச் சீனி போடாத தே ஓ கோசோங். கவிதை எழுதும் தம்பி கைப்பேசியை நீட்டினார்.

"சார், அயர்லாந்துல ஒரு விஸ்கி. பேரு 'ரைட்டர்ஸ் டியர்ஸ்'. எழுத்தாளர் கண்ணீர்!"

2009இல் வந்த சரக்கு அது. ஐரிஷ் எழுத்தாளர்கள் குடித்த குடியில், அழுதால் கண்ணிலிருந்து விஸ்கியே வடிந்ததாம். அதுதான் பெயர்க் கதை.

"நமக்கு அது ஒத்து வராது தம்பி. எனக்கு இனிப்புநீர். அழுதா சிரப்தான் வரும்."

தம்பி விடவில்லை. மூன்று வருஷமாவது மரப்பீப்பாயில் ஊறினால்தான் அயர்லாந்தில் அதை விஸ்கி என்று சொல்லலாம் என்றார்.

"மூணா? என் ரெண்டாவது தொகுதி வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில பதினோரு வருஷமா ஊறுது. பெட்டியைத் திறந்தாலே வாடை தூக்குது."

"பீப்பாயில இருக்கறப்பவே வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாப் போயிடுமாம் சார். அதை தேவதைப் பங்குன்னு சொல்றாங்க."

"நம்ம ஊர்ல தேவதை வராது, கரையான் வரும். ஆனா ஒண்ணு, வரிக்கு வரி வாசிக்கிறது அது மட்டும்தான்."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சார் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புட்டியின் லேபிளைப் பார்த்தார்.

"ரெண்டே வார்த்தை. உலகம் பூரா காசு கொடுத்து வாங்குது. அணிந்துரை இல்ல, வாழ்த்துரை இல்ல. நான் இருநூறு பக்கம் எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி, குடித்து முடித்த கிளாஸை இன்னொரு முறை குடித்தார்.

அந்த மௌனத்தை சாரே கலைத்தார். சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழ்கள் வந்தன. அடுத்த மாதம் மூன்றாவது தொகுதி. டத்தோ வருகிறார்.

"எத்தனை படி சார்?"

"ஐந்நூறு."

"படிக்கட்டுக்கு அடியிலதான் இடமே இல்லியே?"

"இருக்கு தம்பி," என்றார் சார் நிதானமாக. "கரையான் கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்திருக்கு."