பொருத்துக: ஐந்து மதிப்பெண்

எண்பதுகளில் கோயமுத்தூர்ப் பள்ளிகளில் உலகம் முழுவதும் 'பொருத்துக' என்ற தலைப்பின் கீழ் அடங்கிவிடும். இடப்பக்கம் நகரம், வலப்பக்கம் நாடு. பான் என்றால் மேற்கு ஜெர்மனி, பிராக் என்றால் செக்கோஸ்லோவாகியா, பெல்கிரேடு என்றால் யூகோஸ்லாவியா, ரங்கூன் என்றால் பர்மா. ஈரோட்டைத் தாண்டி ரயிலேறாத நாங்கள் இவற்றைத் தூக்கத்திலும் ஒப்பிப்போம். வினாடி வினாவில் ஆஸ்திரேலியாவுக்குத் தலைநகரம் கேட்டால் பாதிப் பேர் சிட்னி என்று கத்துவார்கள். கான்பெரா என்ற பையனுக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு.

நாங்களே ஒரு விடையாகவும் இருந்தோம்: தென்னிந்தியாவின் மான்செஸ்டர் – கோயமுத்தூர். 1888-ல் ஸ்டேன்ஸ் துரையின் மில், பிறகு பைக்காரா மின்சாரம், அப்புறம் திரும்பிய பக்கமெல்லாம் மில். சங்கு ஊதித்தான் ஊரே எழும். பெருமைக்குக் கேட்கவா வேண்டும்! அசல் மான்செஸ்டரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் மண்டபத்தில் பருத்திப் பேரம் 1968-லேயே முடிந்துபோனதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அங்கே இப்போது நாடகம் நடக்கிறது. இங்கே அவிநாசி சாலை லட்சுமி மில்ஸ் வளாகத்தில் காபி குடித்துவிட்டுக் கடை கடையாகச் சுற்றலாம். அந்த வகையில் பொருத்தம் கெடவில்லை.

மற்ற விடைகள்தாம் காலை வாரின. 1990-ல் ஜெர்மனி ஒன்றானது, பானின் பதவி பறிபோனது. 1993 பிறந்த அன்றே செக்கோஸ்லோவாகியா இரண்டானது. யூகோஸ்லாவியா என்ற பெயரே வரைபடத்தில் இல்லை. பர்மா மியான்மராகி, தலைநகரத்தையும் நேப்பிடாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கஜகஸ்தான்காரர்கள் அஸ்தானாவுக்கு 2019-ல் வேறு பெயர் வைத்துவிட்டு, 2022-ல் பழைய பெயருக்கே திரும்பினார்கள். பாடநூல் அச்சடிப்பவர்கள் பாவம்.

சமீபத்தில் திருப்பூரில் உறவினர் ஒருவரின் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். பேக்கிங் பகுதியில் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஸ்டிக்கர்: பெட்டி எண், சைஸ், எத்தனை பீஸ், எடை, கடைசியில் போய்ச் சேரும் துறைமுகம். தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறிப் போகிற சரக்கு. வழியை அடைக்கிறதே என்று ஒரு பெட்டியை நகர்த்தினேன்.

"அண்ணா, அது ஆன்ட்வெர்ப்புங்க, பெல்ஜியம். ஹாம்பர்க் வரிசையில வெச்சுராதீங்க" என்றார் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த பெண்.

ரோட்டர்டாம், லெ ஹாவ்ர், பார்சிலோனா என்று கேட்டுப் பார்த்தேன். நாட்டைப் பட்டென்று சொன்னார். ஃபெலிக்ஸ்டோ இங்கிலாந்தில் இருக்கிறது என்பது எங்கள் பூகோள வாத்தியாருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அங்கே மாற்றிப் பொருத்தினால் போவது மதிப்பெண் இல்லை. தேதி தவறிய சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு முதலாளி தலையில் விழும்.

பழைய புத்தி விடுமா? "ஏனுங்க, ஜெர்மனிக்குத் தலைநகரம் எதுங்க?" என்றேன்.

"பெர்லின்னு பையன் படிப்பானுங்க. அந்தப் பேர்ல நமக்குப் பெட்டி எதுவும் வர்றதில்லீங்களே" என்றபடி அடுத்த ஸ்டிக்கரை உரித்தார்.