செம்பூ மரத்துக்குப் பெயர் சூட்டுதல்: ஒரு சாலையோர ஆய்வு

மாசி, பங்குனியில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் சாலைகளில் போகிறவர்கள், ஓர் இலைகூட இல்லாமல் செக்கச்செவேலென்று நிற்கும் மரத்தைக் காணாமல் திரும்புவது அரிது. கண்டதும் ‘குல்மோஹர்!’ என்று கூவுவோரை இவ்வாய்வு ‘ஓடுவண்டி மரபினர்’ என வகைப்படுத்துகிறது. இவர்கள் வண்டியை நிறுத்துவதே இல்லை. ஆகவே இவர்களை மறுக்க எவருக்கும் வாய்ப்பும் கிடைத்ததில்லை.

குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்து சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் குடியேறிய மரம். கோடை முற்றிய பிறகே அது கொண்டாடும். மாசியில் காட்டைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் முள்ளிலவு, புரசு, கல்யாண முருங்கை ஆகிய மூன்றில் ஒன்று.

இங்குதான் புலமைச் சிக்கல் தொடங்குகிறது. கள வழிகாட்டி நூலைத் திறந்தால், ‘இலை எப்படி?’ என்று கேட்கும். முள்ளிலவுக்கு விரல் விரித்த கைபோல 5 முதல் 7 சிற்றிலைகள். மற்ற இரண்டுக்கும் மும்மூன்று. ஆனால் பூக்கும் நேரத்தில் இலை கொட்டிக் கிடக்கும். இலை துளிர்த்து வருவதற்குள் பூ முடிந்துவிடும். இரண்டு சான்றிதழையும் ஒரே நாளில் காட்டக் கூடாது என்பது மரத்தின் கொள்கை போலும்.

முள்ளை நம்பலாமா? முள்ளிலவின் அடிமரத்தில் கூம்பு கூம்பாக முள் உண்டு. கல்யாண முருங்கைக்கும் முள் உண்டு. போதாததற்கு, வயதான முள்ளிலவின் அடிமரம் வழவழப்பாகிவிடுவதும் உண்டு.

எனவே இவ்வாய்வு குனியும் முறையைப் பரிந்துரைக்கிறது. அண்ணாந்து பார்ப்பதில் கௌரவம் இருக்கிறது. சான்று இருப்பதென்னவோ தரையில். உதிர்ந்த பூ உள்ளங்கை அகலத்தில், தடித்த ஐந்து இதழோடு இருந்தால் முள்ளிலவு. கிளிமூக்காய் வளைந்து, கருத்த வெல்வெட் புல்லியோடு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் புரசு. (சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரில் இருப்பது இதுதான், அங்கே ஜவுளி எடுக்கப் போகிறவர்களிடம் இதைக் கேட்கக் கூடாது.) ரத்தச் சிவப்பாய், அகன்ற ஓர் இதழ் மட்டும் மேலே நிமிர்ந்திருந்தால் கல்யாண முருங்கை.

1735-இல் லின்னேயஸ் மகரந்தத் தாள்களை எண்ணித் தாவரங்களை வகுத்தார். முள்ளிலவுப் பூவில் அவை 60-ஐத் தாண்டும். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது எண்ணி முடித்தவர் யாருமில்லை.

நடைமுறையில் அனைவரும் கையாள்வது புகைப்பட முறை. படத்தில் மரம் இருக்கும். மரத்துக்கு முன்னால் மைத்துனர் இருப்பார். அடிமரத்து முள் அவர் முதுகுக்குப் பின்னால். உதிர்ந்த பூ அவர் செருப்புக்கு அடியில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது ஏறிய மறுநிமிடமே, சென்னையிலிருந்து சித்தப்பா தீர்ப்பு எழுதிவிடுவார்: ‘குல்மோஹர்.’