பெட்ரோல் மேல் படுத்த தண்ணீர்

கே: பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதே என்கிறார்கள். தீயணைப்பு வண்டியோ தண்ணீரில் கலந்த நுரையைத்தான் அடிக்கிறது. யார் சொல்வது சரி? (டேங்கர் ஓட்டுநர், சங்ககிரி)

ப: ரெண்டு பேருமே சரி. வெறும் தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பெட்ரோல் மேலே நின்று ஜாம்ஜாமென்று எரியும். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் உருவாக்கிய நுரைக் கரைசலில், பாதி உடம்பில் மட்டும் ஃபுளூரின் ஏறிய மூலக்கூறு உண்டு. அதன் தலை தண்ணீரோடு உறவாடும். ஃபுளூரின் வாலுக்கோ தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. இரண்டு வீட்டிலும் சேர்க்காத மாப்பிள்ளை திண்ணையில் உட்காருவதுபோல, வாலைக் காற்றுப் பக்கம் நீட்டி மேற்பரப்பிலேயே நெருக்கியடித்து நிற்கும்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு அதை 25, 30 வரை இறக்கும். இந்த ஆசாமி 15, 16க்கே கொண்டுவந்துவிடுவார். பெட்ரோலுக்கு 20 சொச்சம். கரைசலின் இழுவிசையோடு, அதுவும் பெட்ரோலும் தொடும் இடத்தில் உள்ள இழுவிசையையும் கூட்டினாலும் பெட்ரோலின் கணக்கை எட்டாது. அதனால் நுரையிலிருந்து வடியும் நீர் மூழ்காமல் மெல்லிய படலமாகப் பெட்ரோல் மேல் பரவி, ஆவியை மேலே வரவிடாமல் மூடிவிடுகிறது.

கே: பாதி எதற்கு? முழுசாகவே ஃபுளூரின் ஏற்றினால் என்ன? (கல்லூரி மாணவி, ராசிபுரம்)

ப: பிடிமானம் போய்விடும். முழு ஃபுளூரின் திரவம் தண்ணீரோடும் சேராது, எண்ணெயோடும் சேராது. கனமும் அதிகம் என்பதால் தனியாக அடியில் தேங்கும். அரைகுறைக்குத்தான் இங்கே மதிப்பு. பெர்ஃபுளூரோஹெக்சில்ஆக்டேன் என்று ஒன்று: 6 கார்பனில் ஃபுளூரின், அடுத்த 8 கார்பனில் ஹைட்ரஜன். தண்ணீரை நாடும் தலையே கிடையாது. ஆனாலும் கண்ணீரின் மேல் பரவி, அது காய்ந்துபோகாமல் காக்கிறது. உலர்கண்ணுக்கான சொட்டு மருந்தாக 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. ராத்திரியெல்லாம் ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். முதலில் கண் மருத்துவர்.

கே: ஒட்டாத தவாவும் இதே சரக்கா? (இல்லத்தரசி, நாமக்கல்)

ப: இல்லை. அது முழு ஃபுளூரின் பிளாஸ்டிக். 1938இல் வேதியியலாளர் ராய் பிளங்கெட் கண்ணில் தற்செயலாகப் பட்டது. வெறும் தவாவை அடுப்பில் மறந்துவிட்டால் வரும் புகையில் கூண்டுப்பறவைகள் செத்துப்போகும். முட்டை ஊர்க்காரர் நீங்கள், ஜாக்கிரதை!

கே: தீ அணைந்த பிறகு அந்த நுரை எங்கே போகும்? (விவசாயி, எடப்பாடி)

ப: எங்கேயும் போகாது, அதுதான் வம்பு. மண்ணில் இறங்கும், கிணற்றுக்கு வரும். கார்பன்-ஃபுளூரின் பிணைப்பை வெயிலும் நுண்ணுயிரும் லேசில் அறுக்க முடியாது. எட்டுக் கார்பன் வகைகளில் பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும், பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும், லேசில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறின. பதிலுக்கு வந்த ஆறு கார்பன்காரர் நம் உடம்பில் அவ்வளவு நாள் தங்குவதில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் தங்குவதில் அண்ணனுக்குச் சளைத்தவரில்லை. ஃபுளூரின் இல்லாத நுரையும் இப்போது கிடைக்கிறது. அது படலம் போடாது, நுரைப் போர்வையாலேயே அமுக்கும்; கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டும். நிஜத் தீயில் எதை அடிப்பது என்பதை அதிகாரிகள் முடிவு செய்யட்டும். ஒத்திகைக்காவது ஃபுளூரின் நுரையை எடுக்காதீர்கள், பெட்ரோல் கிடங்குக்காரர்களே. அடித்த தண்ணீரைச் சரபங்கா ஆற்றுப் பக்கம் திருப்பிவிடாமல் தொட்டியில் பிடித்து வையுங்கள்.