ஓட்டத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது

கனரக வாகன உரிமம் கைக்கு வந்த அன்று எங்கள் ஊர் டீக்கடையில் ஆறு பேருக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு முன் ஐந்து வருஷம் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டியவன் நான். வாழைத்தார், சிமெண்டு மூட்டை, வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில் என்று எல்லாவற்றையும் ஏற்றி நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் புகுந்து புறப்படாத சந்து கிடையாது. குட்டி யானையை அடக்கியவனுக்குப் பெரிய யானை எம்மாத்திரம் என்ற எண்ணத்தோடு பத்துச் சக்கர லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

சாவியைத் திருப்பினேன், என்ஜின் உறுமியது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு தரம் குலுங்கி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி குலுக்கல், மறுபடி அமைதி. மூன்றாவது தடவை, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க கண்ணு, அவசரமா?”

“வண்டி நகர மாட்டேங்குதுங்ணா.”

“காத்து ஏறட்டும்.”

ஏர் பிரேக்கின் சூட்சுமம் அப்போதுதான் விளங்கியது. பார்க்கிங் பிரேக்கை ஒரு ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும். டேங்கில் காற்று நிரம்பினால்தான் அந்தப் பிடி விடும். காற்றுப் போனால் மனிதன் படுத்துவிடுகிறான், லாரி நின்றுவிடுகிறது. டேஷ்போர்டு முள் ஏறுகிற வரைக்கும் அண்ணன் மிச்ச டீயைக் குடித்தார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரித் தொழிலில் முதல் பாடம் ஓட்டுவதில் அல்ல, சும்மா இருப்பதில் தொடங்குகிறது.

இந்தப் பாடத்தையெல்லாம் அந்தக் காலத்தில் கிளீனராக இருக்கும்போதே படித்துவிடுவார்கள். நாலைந்து வருஷம் கட்டை போட்டு, கண்ணாடி துடைத்து, டயர் கழற்றி, டிரைவரிடம் திட்டு வாங்கி, நள்ளிரவில் ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் டிரைவர். இன்று கிளீனர் என்ற இனமே அருகிவிட்டது. அவர் படிக்காசு மிச்சம் என்று முதலாளிகள் நிறுத்திவிட்டார்கள். விளைவு, எல்.கே.ஜி. படிக்காமல் நேராகக் கல்லூரியில் சேர்ந்தவன்போல நான் வந்து நின்றேன். பாம்பே லைனில் முப்பது வருஷம் ஓடிய அண்ணன் எனக்கு வாத்தியார்.

புறப்படுவதற்கு முன் நாமக்கல் ஆஞ்சநேயரிடம் போனோம். 18 அடி உயரத்தில், மேலே கூரை இல்லாமல், வெயிலையும் மழையையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறவர். லாரிக்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கிளம்பலாம் என்று பார்த்தால் அண்ணன் கையில் ஓர் இரும்புத் தடியைக் கொடுத்தார்.

“போய் டயரைத் தட்டிப் பாரு. ணங்குனு வந்தா நல்ல காத்து. தொப்புனு வந்தா பஞ்சர்.”

சுற்றி வந்து தட்டினேன். கோயில் மணிபோல எல்லாம் ணங் ணங். “ஆறும் சூப்பருங்ணா” என்றேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். “பத்துச் சக்கர வண்டியில மீதி நாலு எங்க சாமி, விருந்தாளி வூட்டுக்குப் போயிருக்குதா?”

பின்னால் இருப்பவை ஜோடி டயர்கள். உள்பக்கம் இருப்பது வெளியே தெரியாது. அதில் காற்று இல்லையென்றாலும் வெளி டயர் தன் தோளில் சுமந்துகொண்டு போய், ஒரு கட்டத்தில் அதுவும் வெடிக்கும். குனிந்து, தடியை உள்ளே நீட்டி, கண்ணுக்குத் தெரியாத நாலு டயரையும் தட்டினேன். ஒன்று தொப் என்றது.

லோடு சேலத்தில். மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிற ஜவ்வரிசி, போகுமிடம் மும்பைப் பக்கம். நமக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், வடாம். மகாராஷ்டிரத்தில் அது விரதச் சாப்பாடு. ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் சோறு தொடாதவர்கள் சாபுதானா கிச்சடி கிண்டிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் பட்டினி கிடப்பதற்காக நாங்கள் 18 டன் சாப்பாடு ஏற்றிக்கொண்டு போகிறோம் என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. தார்ப்பாய் கட்டச் சொன்னதும் நின்றுவிட்டது.

தார்ப்பாய் கட்டுவது தனிக் கலை. மூட்டைகளின் உச்சியில் ஏறி நின்று, காற்றோடு மல்லுக்கட்டி விரித்து, நாலு பக்கமும் மடிப்புப் பிசகாமல் இறக்கி, கயிற்றைக் கொக்கியில் போட்டு, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து இழுக்க வேண்டும். நான் போட்ட முடிச்சை அண்ணன் ஒரு விரலால் தட்டினார், அவிழ்ந்தது. இரண்டாவது முடிச்சு அவர் பார்த்த பார்வையிலேயே அவிழ்ந்தது. “வழியில மழை புடிச்சா துமகூருல பாயசம் ஆயிரும். அப்பறம் முந்திரி, ஏலக்காய் போட்டு நீயே வித்துக்க” என்றார். ஐந்தாவது முடிச்சு நின்றது. என் உள்ளங்கைத் தோல்தான் நிற்கவில்லை.

எடை மேடையில் ஏறி இறங்கியபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2018-ல் உயர்த்திய அளவுப்படி பத்துச் சக்கர லாரி வண்டியும் சரக்குமாக 28.5 டன் வரை இருக்கலாம். என் பழைய குட்டி யானை முக்கால் டன் ஏற்றும். ஆக, முதுகுக்குப் பின்னால் 24 குட்டி யானைகளின் சரக்கு. முன்னால் போகும்போது அவை இழுபடும் என்பதுவரை எனக்குப் புரிந்தது. நிற்கச் சொன்னால் கேட்குமா என்று அப்போது யோசிக்கவில்லை.

சேலம் தாண்டித் தொப்பூர் கணவாயில் ஏறினோம். நாலாவது கியரில் தொடங்கியவன் மூன்றுக்கு இறங்கி, இரண்டுக்கு இறங்கினேன். மொபெட்டில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு போன ஒரு பெரியவர் எங்களை முந்தினார். முந்தும்போது அவர் திரும்பிப் பார்த்ததில் இரக்கம் இருந்தது. எனக்கு மானம் போயிற்று. அண்ணன் மட்டும், “இப்ப எந்தக் கியர்ல ஏறுற?” என்று கேட்டார்.

“ரெண்டுங்ணா.”

“மனசுல எழுதி வெச்சுக்க. திரும்பி வாரப்ப கேப்பேன்.”

கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் சமையல் பாடம். பாம்பே லைன் வண்டியில் அரிசி, பருப்பு, புளி, சின்ன காஸ் அடுப்பு எல்லாம் உண்டு. தாபாவில் ரொட்டி தின்று மூன்று நாள் தாங்கலாம், நாலாவது நாள் நாக்கு ரசம் கேட்கும். சித்ரதுர்கா தாண்டி வண்டியை ஓரங்கட்டி அடுப்பைப் பற்றவைத்தேன், அணைந்தது. வண்டிக்கு மறைவில் வைத்தேன், அணைந்தது. அரைப் பெட்டி தீக்குச்சி தீர்ந்த பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தால், மலை முகட்டில் வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுகின்றன. கோடிக்கணக்கில் செலவு செய்து காற்று இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அவற்றை நட்டிருக்கிறார்கள். நான் அங்கே ரசம் வைக்கப் பார்த்திருக்கிறேன். அண்ணன் பேசாமல் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கேபினுக்குள்… போகவில்லை. “உள்ள அடுப்பு மூட்டுனா நாமதான் வேகணும்” என்று அடுப்பை மூட்டை கட்டிவிட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மரத்தடிச் சுவரோரம் நிறுத்தச் சொன்னார். எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு படிப்பு.

ராத்திரி பெல்காம் தாண்டும்போது இந்தி வகுப்பு. ஆகே என்றால் முன்னால். பீச்சே என்றால் பின்னால். ருக்கோ என்றால் நில். காலி என்றால் காலிதான், அதில் சிரமமில்லை. “பன்னெண்டு வார்த்தை போதும், காஷ்மீர் வரைக்கும் போய்ட்டு வந்தர்லாம்” என்று அண்ணன் சொன்னார். அவர் சொல்லித்தந்தது பத்து. மிச்சம் இரண்டில்தான் என் மானம் இருந்தது.

சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலை குடோன் வாசலுக்கு வந்தோம். இரண்டு சுவர்களுக்கு நடுவே சந்து, அதில் வண்டியைப் பின்னால் விட வேண்டும். லோடுமேன் ஒருவர் பின்னால் நின்று, “தாயே! தாயே!” என்று கத்தினார்.

நம்மூரில் ‘அம்மா தாயே’ என்று வாசலில் வந்து நிற்கிற குரல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பாவம், காலையிலேயே பசி போலிருக்கிறது என்று டேஷ்போர்டில் சில்லறை தேடினேன்.

“டேய், வலக்கட்ட ஒடிக்கச் சொல்றான்டா!” என்றார் அண்ணன்.

சரி, ‘தா’ என்றால் வலது. மண்டையில் ஆணி அடித்ததுபோல் பதித்துக்கொண்டேன். இரண்டடி போயிருப்பேன். மறுபக்கம் நின்ற வாட்ச்மேன், “டாவி கடே! டாவி கடே!” என்று பதறினார். அதே ‘தா’தானே, கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார் என்று வலது பக்கமே இன்னும் பலமாக ஒடித்தேன். படார் என்றது. அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி பின் சக்கரத்துக்கு அடியில் அப்பளம்.

தாயே இந்தி, அதற்கு வலது. டாவி மராத்தி, அதற்கு இடது. ஒரே சந்தில் இரண்டு மொழி, நடுவில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு லாரி. அன்று எங்களைக் காப்பாற்றியது அண்ணன் போட்ட ஒரே சத்தம்: “ஹோல்டான்!” நாற்காலிக்காரர் உட்பட எல்லாரும் அப்படியே நின்றார்கள். அந்தச் சொல்லுக்கு எந்த மாநிலத்திலும் அகராதி தேவையில்லை. நாற்காலிக்கு 400 ரூபாய் என் படிக்காசிலிருந்து போயிற்று.

அப்புறம் காத்திருப்பு. ஆள் இல்லை என்றார்கள், பில் வரவில்லை என்றார்கள், சேட் வரவில்லை என்றார்கள். இரண்டு ராத்திரி கேபினிலேயே படுத்தோம். டீசல் டேங்க் பக்கம் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் இரண்டு கண்ணையும் ஒரே சமயத்தில் மூடக்கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். எங்கள் வண்டி அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. இரண்டாம் நாள் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தது, வண்டியை நிழலுக்கு நகர்த்திய வகையில், மொத்தம் பதினோரு நிமிஷம். அவ்வளவு பணிவாகச் சட்டத்தை மதித்த நாள் என் வாழ்க்கையில் வேறில்லை.

ரிட்டர்ன் லோடு நாசிக் பக்கத்து வெங்காயம். சேலத்தில் வாங்கிய பாடத்தை மறக்காமல், கையெல்லாம் கொப்புளத்தோடு, எறும்பு நுழையாதபடி தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, பாராட்டுக்காக நின்றேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அது ஜவ்வரிசி, இது வெங்காயம். இதுக்கு மூச்சு வேணும். இப்படிக் கட்டுனா ஊருக்குப் போறதுக்குள்ள அழுகி ஒழுகீரும்.” பக்கவாட்டில் காற்றுப் புகும்படி அவிழ்த்துக் கட்டினேன். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குணம். வெங்காயம் உரிக்காமலேயே அழவைத்தது.

தர்மபுரி தாண்டியதும் வீட்டு வாசனை வந்துவிட்டது. பாளையம் சுங்கச்சாவடி கடந்து தொப்பூர் இறக்கம். ரோடு தானாகவே கீழே இழுக்கிறது. அம்மா வேறு போனில், “சோறாக்கட்டுமா சாமி?” என்று கேட்டிருந்தாள். குட்டி யானைக் காலத்துப் பழக்கத்தில் என் கை நியூட்ரலுக்குப் போயிற்று. டீசல் மிச்சமாகுமே.

அண்ணன் கை என் கை மேல் விழுந்தது. “ஏறும்போது எந்தக் கியரு?”

“ரெண்டுங்ணா.”

“அதே கியர்லதான் இறங்கோணும்.”

இறங்கிக்கொண்டே அவர் சொன்னதுதான் முழுப் பயணத்துக்கும் கோனார் நோட்ஸ். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக் மேல் வரும். மிதிக்க மிதிக்க அது சூடேறும், காற்றும் தீரும், கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. தொப்பூரில் இத்தனை வருஷமாக உருண்ட வண்டிகளில் நிறைய அப்படி உருண்டவைதான். டீசல் மிச்சம் என்பதும் பொய். இந்தக் காலத்து என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் அணையாமல் இருப்பதற்காகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது கியரில் என்ஜின் கதறக் கதற இறங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு வெள்ளைக் கார், ஓயாமல் ஹாரன். எனக்குக் கோபம் வரவில்லை. பத்து நாளைக்கு முன்னால் அந்த ஹாரனை அடித்தவன் நான்தான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொப்பூரில் உங்களுக்கு முன்னால் ஒரு லாரி ஆமைபோல இறங்கினால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே இருப்பவனுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. அவன் 24 குட்டி யானைகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறான்.